இரட்டைக் குழல்

துப்பாக்கி பார்க்கும் விதத்தை அப்பாதான் சொல்லித் தந்தார். சித்திர வேலையில் மயங்கக் கூடாதாம். கண்ணை மூடிக்கொண்டு கட்டையைத் தோளில் சார்த்த வேண்டும். கண் திறந்தால் பார்வை இரு குழல்களுக்கும் நடுவிலுள்ள பட்டையில் நேரே ஓட வேண்டும். ஓடாவிட்டால் அது வேறு யாருக்கோ செய்தது!

ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அப்படித் தேர்ந்து வாங்கியதுதான் எங்கள் பர்மிங்காம் துப்பாக்கி. 1875-இல் ஆன்ஸனும் டீலியும் கண்ட விசை; குழலை மடித்தாலே குதிரை ஏறிவிடும். வலக் குழலில் ரவை பரவிப் பாயும், காலடியில் எழும் உள்ளானுக்கு. இடக் குழலின் வாய் சற்று இறுக்கம், தப்பிப் பறப்பதற்கு.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் வேட்டையை விட்டார். எண்ணெய் போடுவதை விடவில்லை.

போன வாரம் லைசென்ஸ் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, "உன் பேருக்கு மாற்றட்டுமா?" என்று துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். கண்ணை மூடிச் சார்த்தினேன். திறந்தால் இடக் குழலின் பக்கவாட்டுத்தான் தெரிந்தது.

"நேரே இருக்கா?" என்றார்.

"இருக்குப்பா" என்றேன்.