கடைமடை வரை

தஞ்சைத் தரணியில் பிறந்தவர்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு சற்று விந்தையானது. எங்கள் ஊராகிய வலங்கைமானிலிருந்து கிழக்கே நேர்க்கோடு ஒன்று இழுத்தால், ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் அது வங்கக் கடலைத் தொட்டுவிடும். ஆயினும் கடலைக் கண்ணால் காணாத பெரியவர்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். 1869இல் இதே ஊரில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் கடல் பல கடந்தவர். தென்னாப்பிரிக்கா வரை சென்று அங்கிருந்த நம் மக்களுக்காக வாதாடியவர். இன்று எங்கள் தெருவிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போகிறவர்களும் கடலைக் கடக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இரவு விமானத்தில் உறங்கியபடியே கடந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் வேளாங்கண்ணிக்குப் போவார்கள், நேர்த்திக்கடனைச் செலுத்துவார்கள், கால் நனைப்பார்கள், அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவார்கள்.

வரலாற்றுத் துறை இறுதியாண்டு மாணவ மாணவியர் பதினொரு பேர் கடற்கரை ஊர்களைச் சுற்றிப் பார்க்கப் போவதென்று இவ்வாண்டு முடிவு செய்தோம். இரண்டு மாதமாகத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னும் போகவில்லை. போய்வந்த பிறகு எழுதுவதுதானே முறை என்று நீங்கள் கேட்கலாம். போவதற்கு முன்பே கற்றுக்கொண்டவை பல இருப்பதால், அவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

இந்த ஆசைக்கு வித்திட்டது ஜப்பான். நண்பன் ஒருவன் தன் கைப்பேசியில் ‘இனே’ என்னும் மீனவ ஊரின் படங்களைக் காட்டினான். கியோட்டோ மாகாணத்தில் உள்ள சிற்றூர் அது. வளைகுடாவைச் சுற்றி ஏறத்தாழ 230 வீடுகள் தண்ணீரின் விளிம்பிலேயே வரிசையாக நிற்கின்றன. கீழே படகுக்கு இடம். மேலே மனிதருக்கு இடம். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி. “ஒரு நாள் போக வேண்டும்” என்று எல்லாரும் பெருமூச்சு விட்டோம். அப்போது நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள மீனவ ஊரிலிருந்து வரும் எங்கள் வகுப்புத் தோழி, “எங்க ஊர்லயும் வீட்டு வாசல்ல படகு நிக்கும். அதுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம்” என்றாள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பிலேயே திட்டம் பிறந்துவிட்டது.

முதலில், காண வேண்டிய இடங்களின் பட்டியலைப் போட்டோம். காவிரி கடலில் கலக்கும் பூம்புகார் முதலிடம் பெற்றது. அங்கே 1973இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது. பக்கத்திலே கீழையூரில் பழைய படகுத்துறையின் செங்கற்கட்டடம் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. அடுத்தது தரங்கம்பாடி. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியர் கோட்டை கட்டிய ஊர்; 1706இல் சீகன்பால்க் வந்திறங்கி, தமிழ் நூல்களை அச்சேற்றிய ஊர்; பாண்டியர் காலத்து மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் விழுங்கிய ஊர். அதற்குத் தெற்கே காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. எல்லாவற்றுக்கும் கடைசியில் வேதாரண்யம், கோடியக்கரை. கோடியக்கரையில் 1967 முதல் சரணாலயம் இருக்கிறது, வெளிமான்கள் மேயும், பனிக்காலத்தில் பூநாரைகள் வந்திறங்கும்.

பட்டியலை எங்கள் துறைப் பேராசிரியை அம்மையாரிடம் காட்டினோம். அவர் படித்துவிட்டு, “இது மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி இருக்கிறதே! இந்த ஊர்களுக்கும் உங்கள் ஊர்களுக்கும் என்ன தொடர்பு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார்.

எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு செய்தி மனத்தில் படிந்தது. நாகையில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராச சோழர் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடுத்தார் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அந்த வருவாய் நெல். வயலில் விளைந்த நெல் கடற்கரையில் இருந்த பௌத்தப் பள்ளிக்குச் சோறாயிற்று. நாகூர் தர்காவின் மினார்களுள் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். தரங்கம்பாடியைத் தந்தவரும் தஞ்சை மன்னரே. வயல் நாடும் கடல் நாடும் ஒரு காலத்தில் ஒரே வீட்டின் முற்றமும் கொல்லையுமாக இருந்திருக்கின்றன. முற்றத்தில் இருப்பவர்கள் கொல்லைப் பக்கம் போவதை எப்போது நிறுத்தினோம்?

அடுத்து, எப்போது போவது என்ற கேள்வி. இது எளிதில் விடை கிடைக்காத கேள்வி என்பதைச் சுற்றுலா விளம்பரங்கள் சொல்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. புயல் எங்கே கரையேறும் என்று வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் காலம். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகில் கரை கடந்ததை எங்களில் யாரும் மறக்கவில்லை. மாசியில் எங்கள் பக்கம் சம்பா அறுப்பு. வீட்டுக்கு ஓர் ஆள் வயலில் நிற்க வேண்டும். பங்குனியில் மகாமாரியம்மனுக்குப் பாடைக்காவடி. அந்த நேரத்தில் வலங்கைமானைவிட்டு வெளியே போனால் வீட்டில் சோறு கிடைக்காது. சித்திரையில் தேர்வு. அத்தோடு ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. துறைமுகம் ஓய்ந்து கிடக்கும். ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்கால் வேலை. ஆக, ஆண்டு முழுவதையும் புரட்டிப் பார்த்தால், தை மாதத்தில் பொங்கல் கழிந்த ஓரிரு வாரமே மிஞ்சியது. பூநாரைகளும் அப்போது இருக்கும். பறவைகள் எங்கள் பஞ்சாங்கத்தையும் பார்த்துத்தான் வருகின்றன போலும்!

நாள் ஓரளவு தெரிந்தது. ஆனால் யார் யார் வர முடியும்? பதினொரு பேரில் நால்வர் மாணவியர். ஒரு வீட்டிலும் வெளியூரில் இரவு தங்க அனுமதி கிடைக்கவில்லை. இரண்டு நாள் சுற்றுலா என்றால் அவர்கள் நால்வரும் இல்லை. வேன் வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருவன் கேட்டான்; வாடகையை விசாரித்துவிட்டு வந்து, அவனே அந்தப் பேச்சை விட்டுவிட்டான். ஆளுக்கு 500 ரூபாய்க்கு மேல் முடியாது என்பது எங்கள் வரம்பு. இன்னொருவன் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் விடுமுறை நாள்களில் வேலை பார்த்துப் படிக்கிறான். அவனுக்கு 500 ரூபாயைவிடப் பெரியது, இழக்கப்போகும் ஒரு நாள் சம்பளம். பொங்கலுக்கு முன் விடுப்பு என்று வாயைத் திறக்க முடியாது. “நீங்க போய்ட்டு வந்து படம் காட்டுங்கடா” என்றான்.

அன்று யாரும் எதுவும் பேசவில்லை. மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தோம். இரண்டு நாள் பயணத்தை, தனித்தனி ஒரு நாள் பயணம் இரண்டாக உடைத்தோம். தெற்கே ஒரு நாள். அறுப்பு முடிந்தபின் வடக்கே ஒரு நாள். கடைக்கார நண்பனுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு விடுப்பு உண்டு. பொங்கல் கழிந்து வரும் அந்த ஞாயிறே பயண நாள் என்று குறித்தோம். பேராசிரியை அம்மையார் தாமும் வருவதாகச் சொன்னார். அவர் வருகிறார் என்றதும் நான்கு வீட்டுக் கதவுகளும் திறந்தன. அவருடைய செலவை நாங்கள் ஏற்கலாம் என்று எண்ணியிருந்தோம். “அப்படியானால் நான் வரவில்லை” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

எங்கள் வீட்டுக் கதவு மட்டும் சற்றுத் தாமதமாகத் திறந்தது. அப்பா விவசாயி. “கடல்ல பார்க்க என்னடா இருக்கு? தண்ணி. அதுவும் ஒரு வயலுக்கும் ஆகாத தண்ணி” என்றார். அவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. குடமுருட்டிக் கரையில் வாழ்கிறவருக்கு ஆறு என்றால் மதகு, வாய்க்கால், முறைத் தண்ணீர். கடலில் கலந்த நீர் அவர் கணக்கில் வீணான நீர். அம்மாவோ, “வேளாங்கண்ணி வழியாத்தானே போறீங்க? மெழுகுவத்திக்குக் காசு தர்றேன். நாகூர்லயும் ஒரு கும்பிடு போட்டுட்டு வா” என்று பயணத்தைத் தன் கணக்கில் முடித்துவிட்டார்.

நான் அப்பாவிடம் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். கல்லணைக்குக் கீழே கைவிரல்களைப்போலப் பிரிந்த ஆறுகள் எங்கெங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்த்தோம். காவிரி பூம்புகாரில், அரசலாறு காரைக்காலில், வெட்டாறு நாகூருக்கு அருகில். நாங்கள் காணப் போகும் ஊர்களெல்லாம் எங்கள் தண்ணீர் போய் முடியும் ஊர்கள். அப்பா வெகுநேரம் வரைபடத்தையே பார்த்திருந்தார். பிறகு மெல்ல, “கடைமடைக்காரங்க பாவம்டா. நாம எல்லாம் பாய்ச்சுன பிறகு மிச்சம்தான் அவங்களுக்கு. சில வருஷம் அதுவும் கிடையாது. போற வழியில வாய்க்கால்ல தண்ணி ஓடுதான்னு பார்த்துட்டு வந்து சொல்லு” என்றார். மேட்டூர் அணையைச் சனவரி 28இல் மூடுவது வழக்கம். அதற்குமுன் போகிறோம் என்பதால், அவர் கேட்டதற்கு விடை கொண்டுவர முடியும். எங்கள் பட்டியலில் அதையும் எழுதிக்கொண்டேன்: வாய்க்காலில் தண்ணீர்.

வேதாரண்யம் எங்களுக்கு முன்பே பலர் திட்டமிட்டு நடந்த ஊர். 1930 ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டார்கள். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வழியாக 150 மைல் நடந்தார்கள். ஏப்ரல் 30ஆம் நாள் உப்பு எடுத்தார்கள். அவர்களுக்கு இடமோ உணவோ கொடுத்தால் சிறை என்று தஞ்சை மாவட்ட ஆட்சித் தலைவர் தார்ன் அறிவித்தார். மக்களோ உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யாரென்று மரத்திடமா கேட்க முடியும்? நாங்கள் பேருந்து நேரம் எழுதிவைத்த தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரங்கள் நினைவுக்கு வருகின்றன. பயணத்துக்குப் பணமும் நேரமும் வேண்டும். அவற்றோடு வழியில் இருப்பவர்களின் மனமும் வேண்டும்.

இதை எனக்கு நேரில் உணர்த்தியவள் முன்பு சொன்ன நாகைத் தோழி. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நாகை மாவட்டம். அங்கு மட்டும் ஏறத்தாழ 6000 பேர். அங்குள்ள நினைவிடத்தையும் பட்டியலில் சேர்க்கலாமா என்று ஒருவன் தயங்கியபடி அவளிடம் கேட்டான். அவள் அதற்கு அடுத்த ஆண்டு பிறந்தவள். “எனக்கு ஓர் அக்கா இருந்தா. நான் பார்த்ததில்ல” என்றாள். பிறகு, “வாங்க. ஆனா எங்க வீட்ல சோறு தின்னுட்டுத்தான் போகணும். பார்த்துட்டு மட்டும் போறதா இருந்தா வர வேண்டாம்” என்றாள்.

சுனாமி என்ற சொல்லே ஜப்பானியரிடமிருந்து வந்ததுதான். துறைமுகம், அலை என்னும் இரு சொற்கள் சேர்ந்தது. அந்நாட்டில் அனெயோஷி என்னும் சிற்றூரின் மலைச்சரிவில், 1933இல் வந்த பேரலைக்குப் பிறகு ஒரு கல் நட்டார்கள். இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்ட வேண்டாம் என்பது அதில் பொறித்துள்ள அறிவுரை. ஊரார் அதைக் கேட்டார்கள். 2011இல் மீண்டும் பேரலை வந்தபோது தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. நினைவுக்கல் என்பது கேட்பவர் உள்ளவரை பேசும். எங்கள் தோழி வீட்டுச் சோற்றை உண்ணாமல் அந்த நினைவிடத்தின் முன் நின்றால், நாங்கள் அதன் பேச்சைக் கேட்டவர்களாக மாட்டோம்.

இக்கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுக்கும் இந்த மார்கழியில் எங்கள் திட்டம் இவ்வாறு நிற்கிறது. விடியற்காலை 4 மணிக்குப் புறப்பாடு. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை. காலை வெயில் ஏறுமுன் பூநாரைகள். திரும்பும் வழியில் அகஸ்தியன்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூண். வேளாங்கண்ணியில் அம்மாவின் மெழுகுவத்தி. பிற்பகல் நாகையில் சாப்பாடு. மூன்று மணி ஆனாலும் சோறு இருக்கும் என்று அவளுடைய அம்மா சொல்லியனுப்பிவிட்டார். அதன்பின் நினைவிடம், நாகூர். இரவுப் பேருந்தில் திருவாரூர் வழியாக வீடு. பதினொரு மாணவர், ஒரு பேராசிரியை. ஒருவர்கூட விடுபடவில்லை.

தோழர்களே! நம் கல்லூரியில் ஆற்றங்கரையிலிருந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்; கடற்கரையிலிருந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்றாண்டு ஒரே பலகையில் உட்கார்ந்துவிட்டு, ஒருவர் ஊரை ஒருவர் பாராமலே பிரிந்துபோகிறோம். ஜப்பானுக்கு ஒரு நாள் போகலாம், போக வேண்டும். அதற்குமுன் உங்கள் பக்கத்து இருக்கைத் தோழரிடம், “உங்கள் ஊருக்கு எந்தப் பேருந்தில் வர வேண்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர் நாள் தவறாமல் போகும் வழிதான் அது. நாமும் ஒரு முறை கடைமடை வரை போய்வருவோம்.