மை இறுகும் நேரம்

பத்திரிகைக் காரியாலயங்களில் காலத்தைக் கழித்தவர்களுக்கு மை காய்வது ஒரு பெரிய விடயமாகத் தோன்றுவதில்லை. பத்திரிகைத் தாள் மையை உறிஞ்சிக்கொள்கிறது. நான்கு நிறங்களும் ஈரத்தின் மேல் ஈரமாகவே பதிகின்றன. அது முற்றாகக் காயாததனாற்றான் வாசகரின் விரல் நுனி கறுக்கின்றது.

ரீ சேர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்வோருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் பெரிதும் பயன்படுத்தும் பிளாஸ்டிசோல் மை நாட்கணக்கில் விட்டுவைத்தாலும் காயாது. வெப்பம் பட்டால் மாத்திரமே இறுகும். ஏறத்தாழ 105 முதல் 120 பாகை செல்சியஸில் அது கூழ்போல் இறுகும். 160 பாகையளவிலேயே முழுமையாகப் பதப்படும். நிறங்களுக்கிடையே செய்யப்படும் அந்த முதற் சூட்டையே 'பிளாஷ்' என்கின்றனர்.

கொழும்பில் சிறு பட்டறையொன்றை நடத்தும் இளைஞர் ஒருவர் இதனை எனக்கு விளக்கினார். கறுப்புச் சட்டையில் முதலில் வெள்ளை அடிநிறம். அதன்மேல் செங்கீழ்க் கதிர் வெப்பமூட்டி சில விநாடிகள். பின்னர் விரலால் தொட்டுப் பார்க்கிறார். இலேசாக ஒட்டவேண்டும், மை விரலில் வரக்கூடாது.

"சூடு குறைஞ்சால் அடுத்த ஸ்கிரீனிலை மை அப்பும். கூடினால் மேல் நிறம் பிடிக்காது ஐயா, கழுவக் கழுவ உரிஞ்சு போகும்" என்றார்.

2022 இல் மணிக்கணக்கான மின்வெட்டு. அவ்வாண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்ந்தது. தம்முடன் வேலைசெய்த இருவரை அவர் நிறுத்த நேர்ந்தது. அப்போதுதான் விநாடிகளை எண்ணத் தொடங்கினார்.

கணக்கு எளியது. நான்கு நிறச் சட்டைக்கு மூன்று தடவை, பத்து விநாடி வீதம் பிளாஷ் செய்தால் 300 சட்டைகளுக்கு 150 நிமிடங்கள். அடிநிறத்துக்கு மட்டும் ஒரு தடவை செய்து, ஒன்றன்மேல் ஒன்று படியாத ஏனைய நிறங்களை ஈரமாகவே அடுத்தடுத்து அச்சிட்டால் 50 நிமிடங்கள். நெருக்கமான வலையுள்ள ஸ்கிரீனால் அடிநிறத்தை மெல்லியதாக இட்டால் அது இன்னும் விரைவில் இறுகும். வேலை தொடங்குமுன் பலகையைச் சூடாக்கிக்கொள்கிறார். சட்டைகள் ஏற ஏறப் பலகையும் சூடேறுவதால் விநாடிகளைக் குறைத்துக்கொண்டே வருகிறார்.

ஆனால் இறுதிச் சூட்டில் அவர் ஒரு விநாடியேனும் மிச்சம்பிடிப்பதில்லை. பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான சட்டைகளே அவருக்கு அதிகம் கிடைக்கும் வேலை. பத்திரிகையின் ஆயுள் ஒரு நாள். பிள்ளையின் சட்டையோ வருடம் முழுவதும் கழுவப்படுவது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றையெடுத்து, அச்சுப் பகுதியை இரு கைகளாலும் இழுத்துப் பார்க்கிறார். மை வெடித்தால் அது போதியளவு பதப்படவில்லை. அந்தத் தொகுதி முழுவதும் மீண்டும் சூட்டுக்குப் போகிறது.

நிறுத்தப்பட்ட இருவரில் ஒருவர் இப்போது மீண்டும் வேலைக்கு வருகிறார்.