அண்ணா சாலையின் சாந்தி

சென்னை அண்ணா சாலையில் சாந்தி திரையரங்கம் 1961-இல் திறக்கப்பட்டது. கட்டியவர் ஜி. உமாபதி; பின்னாளில் அதே சாலையில் ஆனந்த் திரையரங்கை எழுப்பியவரும் அவரே. விரைவிலேயே சாந்தி சிவாஜி கணேசன் குடும்பத்தின் கைக்கு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள், குளிர்சாதன வசதி, அகன்ற பால்கனி என அந்நாளில் நகரின் மிகச் சிறந்த அரங்குகளில் ஒன்றாக அது விளங்கியது.

'பாவ மன்னிப்பு' வெளியானபோது, ஏவி.எம். நிறுவனம் படத்தின் பெயர் தாங்கிய ராட்சத பலூனை இவ்வரங்கின் மேல் பறக்கவிட்டது. அதைப் பார்க்கவே, அன்று மவுண்ட் ரோடு எனப்பட்ட அண்ணா சாலையில் கூட்டம் கூடியது. தமிழ் சினிமா விளம்பரத்தில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சில. அப்படம் இங்கு வெள்ளிவிழா கண்டது. 'திருவிளையாடல்', சிவாஜியின் 200-ஆவது படமான 'திரிசூலம்' ஆகியவையும் அவ்வாறே ஓடின.

சாந்தியின் உண்மையான உயிர் அதன் வளாகத்தில்தான் இருந்தது. டிக்கெட் வாங்காதவர்களும் மாலையில் அங்கே கூடுவார்கள். எந்தப் படம் எந்த ஊரில் எத்தனை நாள் ஓடியது, வசூல் எவ்வளவு என்று சிவாஜி ரசிகர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். வணிக வளாகத்தின் மேல்மாடியில் இருக்கும் இன்றைய அரங்குகளில் அப்படி நிற்க இடமே இல்லை. இது பெரிய இழப்பு.

2005-இல் புதுப்பிக்கப்பட்ட அரங்கில் வெளியான 'சந்திரமுகி' 800 நாள்களைத் தாண்டி ஓடியது. 2016-இல் சாந்தி மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. சஃபையர், அலங்கார், ஆனந்த், வெலிங்டன் ஆகிய திரையரங்குகள் அதற்கு முன்பே மறைந்துவிட்டன.