ஐந்தொகை தெரிந்த ஊர்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மரத்தூண், எனாமல் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி இவற்றுக்கு நடுவே, சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதத் தோதாகச் சாய்ந்த மூடியோடு ஒரு சின்ன மேசைப்பெட்டி கிடக்கும். கணக்கப்பிள்ளை மேசை. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் அதையும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். அந்த வீடுகளைக் கட்டிய பணம் எல்லாம் அதன்மேல் எழுதித் தீர்த்த கணக்கு.

நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், கணக்கு கடையில் உட்கார்ந்து கற்கும் படிப்பாக இருந்தது. சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேருவான். அடுத்தாளாகி, கை தேறியபின் மேலாளாவான். பேலன்ஸ் ஷீட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஐந்தொகை. அந்தப் பழக்கம்தான் வங்கியாகவும் வளர்ந்தது. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது.

கோட்டையூர்க்காரரான வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அவர் போட்ட அடித்தளத்தின் மேல் 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் எழுந்தது. சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களை நோக்க இது சிறியது. தேவகோட்டை, திருவாடானை, தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து இதன் கல்லூரிகளில் பி.காம் படிக்கிறார்கள். பலருடைய வீட்டில் அதுதான் முதல் பட்டம். “இங்கே படிச்சா வேலை கிடைக்குமா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி.

பட்டம் மட்டும் போதும் என்று நின்றுவிட்டால், கடையிலோ மில்லிலோ கணக்கர் வேலை, சம்பளமும் கையடக்கம்தான். அதற்கு மேல் வழிகள் திறந்தே இருக்கின்றன. பி.காமில் 55 விழுக்காடு எடுத்தவர் சி.ஏ. முதல்நிலைத் தேர்வு எழுதாமலே இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். மூன்று ஆண்டாக இருந்த ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி, 2023இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டாகிவிட்டது. காஸ்ட் அக்கவுண்டன்ட், கம்பெனி செகரெட்டரி படிப்புகள் இருக்கின்றன. வங்கித் தேர்வும் அரசுத் தேர்வும் இருக்கின்றன. வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் அலுவலகங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் ஆள் எடுக்கின்றன. ஆனால் எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கணக்கைக் கையால் போட்டிருக்கிறாயா?

ஒரு மாலை, இவ்வூர் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி ஒரு ஹார்டுவேர் கடையின் கொள்முதல் பில்களை மஞ்சள் பையிலிருந்து கொட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் ஜி.எஸ்.டி. தளத்தின் 2பி பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள். வரி நீங்கலாக ஐம்பதாயிரம் ரூபாய் பில் ஒன்று பட்டியலில் இல்லை. விற்றவர் ரிட்டர்னில் காட்டவில்லை. அவர் காட்டாதவரை 18 விழுக்காட்டு வரி, அதாவது 9,000 ரூபாய், வாங்கிய கடைக்காரருக்கு வரவாகாது. அவள் உடனே போனை எடுத்தாள். “அண்ணாச்சி, உங்க பில் ஒண்ணு ஏறலை, இந்த மாசத்துல சேத்துருங்க.” இந்த வரி வரவுக்குப் பெயர் இன்புட் கிரெடிட்; பாடநூலில் அது ஒரு பத்தி. அன்றைக்கு அது அவளுக்கு ஒரு கடைக்காரரின் காசு.

சிறிய பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் வசதி இதுதான். கடைவீதியும் ஆடிட்டர் அலுவலகமும் கல்லூரிக்கு நடைதூரத்தில். வகுப்பு விட்டதும் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார இடம் தரவும், அதை மதிப்பெண்ணில் சேர்க்கவும் கல்லூரிகள் முன்வர வேண்டும். விடியலில் பல்லவன் ரயில் ஏறிச் சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைக்காக, பட்டத்தோடு ஒரு வருடத்துப் பேரேடும் பேசும். காலையில் வகுப்பு, மாலையில் பெட்டியடி. இந்த ஊருக்கு அது புதிதல்ல.