கண்ணை மூடினால் கருத்துக் கெடுமோ?

"கோயிலை விட்டீர்; கும்பிடுவதை விட்டீர்; குலப் பட்டத்தையும் விட்டீர். கண்ணை மூடி உட்காரும் இந்தக் கடைசிப் பழக்கத்தை மட்டும் ஏன் விடாமல் வைத்திருக்கிறீர்?" என்று படிப்பகத்துத் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். கேட்டவர் இளைஞர், கேள்வியில் குறும்பு இருந்ததேயன்றிக் கோபம் இல்லை. ஆனால் உடனிருந்த நால்வர் முகத்திலும் ஐயம் படர்ந்தது. பகுத்தறிவு பேசுபவர் பாய் விரித்து உட்கார்ந்து மூச்சைப் பார்க்கிறார் என்றால், நாளை பட்டை பூசமாட்டார் என்பதற்கு என்ன உறுதி?

ஐயம் நியாயமானதே. தியானம் என்ற சொல்லைத் தாடியோடும் தண்டத்தோடும் தட்சணையோடும் சேர்த்தே இந்த நாடு பார்த்து வந்திருக்கிறது. ஆசிரமம் என்று பலகை மாட்டி நிலம் வளைத்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டுதான் காட்சி தந்தார்கள். அவர்கள் காலில் விழுந்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுந்தார்கள். ஆகவே தோழருக்கு விடை கூறும் கடமை நமக்கு உண்டு. நாலு பேர் நடுவில் கேட்ட கேள்விக்கு நாலாயிரம் பேர் படிக்கும் ஏட்டிலேயே விடை இறுக்கலாம் என்று கருதினோம்.

புத்தர் நம் இயக்கத்துக்கு அயலார் அல்லர். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டைத் தொடங்கி, வாரந்தோறும் புத்தரை ஏழையின் குடிசை வாசலுக்குக் கொண்டு வந்து சேர்த்தார். பூமிக்கடியில் பொன் வெட்டிக் கொடுத்துவிட்டுப் பொட்டுத் தங்கமின்றி வாழ்ந்த கோலார்ச் சுரங்கத் தொழிலாளர், அங்கே சங்கத்தின் கிளை அமைத்தனர். 1953 மே 27, புத்தர் பிறந்த நாளைத் தேர்ந்தெடுத்துப் பெரியார் பிள்ளையார் உருவ உடைப்புக் கிளர்ச்சியை நடத்தினார். மறு ஆண்டு ஈரோட்டில் புத்தர் கொள்கை மாநாடு. அவ்வாண்டின் இறுதியில் இரங்கூனில் உலக பௌத்தர் மாநாடு. அங்கேதான் அண்ணல் அம்பேத்கரும் பெரியாரும் சந்தித்து மதமாற்றம் பற்றி உரையாடினர். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவி, 22 உறுதிமொழிகளை அவர்களுக்கு அளித்தார்.

இவையெல்லாம் தோழர்கள் அறிந்த வரலாறு. வேள்வியைச் சாடிய புத்தரையும், வேதத்தை ஏற்காத புத்தரையும், பிறப்பால் உயர்வில்லை என்ற புத்தரையும் நம் மேடைகள் நன்கு அறியும். வீட்டுக்குள் வந்து, அடுப்பங்கரை வரை எட்டிப் பார்த்து, "இங்கே எப்படி நடந்துகொள்கிறாய்?" என்று கேட்கும் புத்தர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம்.

இராசகிருகத்தில் சிகாலன் என்றோர் இளைஞன். விடியலில் நீராடி, ஈர ஆடையும் ஈரத் தலையுமாக நின்று, கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, கீழ், மேல் என்று ஆறு திசைகளையும் நாள்தோறும் கும்பிட்டு வந்தான். ஏனப்பா கும்பிடுகிறாய் என்று புத்தர் கேட்டார். தகப்பனார் சாகும் தறுவாயில் சொல்லிவிட்டுப் போனார் என்றான். இந்த நாட்டில் எந்தச் சடங்குக்காரரைக் கேட்டாலும் இன்றுவரை வரும் விடை இதுதான்! புத்தர் அவனை எள்ளவில்லை. திசையைக் கும்பிடும் முறை இதுவன்று என்று மட்டும் சொல்லிவிட்டு, திசை ஒவ்வொன்றையும் மனிதராக மாற்றிக் காட்டினார். கிழக்கு, பெற்றோர். தெற்கு, ஆசிரியர். மேற்கு, மனைவி மக்கள். வடக்கு, நண்பர். கீழ்த்திசை, நமக்காக உழைக்கும் வேலையாள். மேல்திசை, துறவியரும் பார்ப்பனரும். (மேல்திசையைப் பற்றி இங்கே நாம் விரித்துரைக்கப் போவதில்லை, அந்தத் திசைக்குக் கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்துபோன நாடு இது.)

கீழ்த்திசைக்கு அவர் வகுத்த கடமைகளைக் கேளுங்கள். வேலையாளின் வலிமைக்கு ஏற்ற வேலை தரவேண்டும். உணவும் கூலியும் தரவேண்டும். நோயுற்றால் மருத்துவம் பார்க்கவேண்டும். நல்ல பண்டம் கிடைத்தால் பகிர்ந்து உண்ணவேண்டும். உரிய காலத்தில் ஓய்வு தரவேண்டும். தொழிற்சங்கமும் தொழிலாளர் சட்டமும் தோன்றுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முன்னரே சொல்லப்பட்ட செய்தி இது. இதை வைத்துக்கொண்டு நம் வீடுகளைப் பார்ப்போம். பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா? அவருக்குக் காய்ச்சல் கண்டால் மருந்துச் சீட்டுக்கு யார் பணம் தருகிறார்கள்? அவர் குடிக்கும் குவளை எந்த அலமாரியில் இருக்கிறது, நாம் குடிக்கும் குவளைகளோடா, தனியாகவா? மேற்குத் திசைக்கும் ஒன்று சொன்னார்: மனைவியை மதிக்கவேண்டும், இழிவாகப் பேசலாகாது, பிறளை நாடலாகாது, வீட்டின் அதிகாரத்தை அவளிடம் ஒப்படைக்கவேண்டும் என்றார். பெண் விடுதலைத் தீர்மானத்துக்குக் கை தூக்கிவிட்டு வீடு திரும்பி, "தண்ணீர் கொண்டா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்போரை மேற்குத் திசையைப் பார்த்து நிற்கச் சொன்னால் என்ன?

சரி, இதற்குக் கண்ணை ஏன் மூடவேண்டும்? கடமைப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்தால் போதாதா? போதாது என்பதே நம் பட்டறிவு.

மணிமேகலையில் பௌத்தத்தின் பன்னிரு சார்புகளுக்கும் சாத்தனார் அழகிய தமிழ்ப் பெயர்களைத் தந்திருக்கிறார். அந்தக் காப்பியத்தில் வான்வழிப் பயணமும் வற்றாத பாத்திரமும் உண்டு. அவற்றை அங்கேயே விட்டுவிடுவோம். நான்கு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. கண்ணோ காதோ ஒன்றைத் தொடுவது ஊறு. தொட்டவுடன் இனிது என்றோ இன்னாதது என்றோ உடம்பில் எழுவது நுகர்வு. வேண்டும் அல்லது வேண்டாம் என்று துடிப்பது வேட்கை. அதையே கட்டிக்கொண்டு, இதுவே நான், இதுவே என் மானம் என்று நிற்பது பற்று. நான்கும் ஒரு நொடிக்குள் நடந்து முடிகின்றன. முடிந்தபின்தான் அறிவு வந்து சேர்ந்து, நடந்ததற்கு நியாயம் கற்பிக்கிறது. தியானம் என்று நாம் செய்வது, மூச்சு வருவதையும் போவதையும் பார்த்தபடி இருந்து, இந்த நான்குக்கும் நடுவே உள்ள இடுக்கைக் கண்டுபிடிப்பதுதான். மந்திரம் இல்லை, உருவம் இல்லை, ஒளி தெரிவதும் இல்லை. முழங்கால் வலிப்பது தெரியும். நேற்று ஒருவர் சொன்ன சுடுசொல் திரும்ப வந்து நெஞ்சில் குத்துவது தெரியும்.

சாதி எங்கே குடியிருக்கிறது என்று அந்த இடுக்கில் பார்த்தால் விளங்கும். தொடர்வண்டியில் எதிரே அமர்ந்தவரிடம் பெயர் கேட்கிறார்கள். அடுத்து ஊர் கேட்கிறார்கள். "சொந்த ஊரே அதுதானா?" என்பது மூன்றாவது கேள்வி. விடை வந்தவுடன் கேட்டவரின் தோள் சற்றே தளர்கிறது, அல்லது சற்றே விறைக்கிறது. மனுதர்மத்தை அவர் புரட்டியும் பார்த்திருக்கமாட்டார். சாதி ஒழிக என்று சுவரில் எழுதியவராகவும் இருக்கலாம். ஆனாலும் பெயர் காதில் விழுந்தது ஊறு. தோளின் தளர்ச்சியும் விறைப்பும் நுகர்வு. சாத்திரத்தை எரித்த பின்னும் தோளில் தங்கியிருக்கும் சாதியை எந்தத் தீக்குச்சியால் எரிப்பது? நமக்கு இல்லவே இல்லை என்று மேடையில் ஆணையிட்டுச் சொல்லலாம். பதினைந்து நிமிடம் பாயில் உட்கார்ந்து பார்த்த எவரும் அப்படி ஆணையிடமாட்டார்.

நம் மகள் தன் துணைவரைத் தானே தேர்ந்தெடுத்தபோது நடந்ததைச் சொல்கிறோம். துணைவியாரின் சித்தப்பா வந்தார். காப்பி வந்தது. டம்ளரைத் தொடாமலே சொன்னார்: "மாப்பிள்ளை, பையன் படிச்சிருக்கலாம், சம்பாதிக்கலாம். எந்தத் தெருவுன்னு பார்க்க வேண்டாமா?" உள்ளறையில் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றிலிருந்து சூடு கிளம்பி மார்புக்கு ஏறியதை நாம் அறிந்தோம். தாடை இறுகியதை அறிந்தோம். நாக்கின் நுனியில் வந்து நின்ற சொல்லையும் அறிந்தோம். அது அச்சில் ஏற்றத் தகுந்த சொல்லன்று. இரண்டு மூச்சு. சூடு இருந்தது, ஆனால் அது வெறும் சூடாக இருந்தது. "மாமா, தெருவை நாங்கள் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி சுயமரியாதைத் திருமணம். தேதி குறித்தாயிற்று. நீங்கள் வந்தால் முதல் வரிசையில் நாற்காலி உண்டு," என்றோம். குரல் உயரவில்லை.

அவர் மனம் மாறிவிட்டாரா என்று கேட்பீர்கள். மாறவில்லை. திருமணத்துக்கும் வரவில்லை, பேத்தி பிறந்தபோதும் வரவில்லை. தியானம் அற்புதம் செய்யும் என்று நாம் சொல்லவே இல்லையே! ஆனால் நாம் கத்தியிருந்தால் நம் கோபத்தைப் பற்றி ஊர் பேசியிருக்கும், அவர் கேட்ட கேள்வி மறைந்து போயிருக்கும். கத்தாததால் அந்தக் கேள்வி கூடத்தின் நடுவே அப்படியே கிடந்தது. அங்கிருந்த உறவினர் ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டியிருந்தது.

சாந்தம் என்றால் சரணாகதி என்று எண்ணும் தோழர்களுக்காக இதைச் சொன்னோம். காட்டுக்குப் போனால்தான் இது கைகூடும் என்று எண்ணுவோருக்கு வேறொரு செய்தி. 1948இல் பர்மா விடுதலை பெற்றபோது அந்நாட்டின் தலைமைக் கணக்காயரானவர் ஊ பா கின். மனைவி மக்களோடு வாழ்ந்தவர், காவி கட்டாதவர். கணக்கு அலுவலகத்திலேயே ஊழியர்களுக்கு மூச்சையும் உடலுணர்வையும் கவனிக்கக் கற்பித்தார். 1952இல் இரங்கூனில் தியான நிலையம் ஒன்றையும் நிறுவினார். ஊழல் மலிந்திருந்த வேளாண் விளைபொருள் வாரியத்தைத் திருத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோப்புகளுக்கு நடுவே நடந்த தியானம் அது. அவரிடம் 1955இல் பயின்ற வணிகர் கோயங்கா, 1969இல் இந்தியா வந்து கற்பித்ததால்தான் இம்முறை இங்கே பரவிற்று.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு; அதைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையாளர் அல்லர். எண்வழியில் நற்கடைப்பிடி, அதாவது விழிப்போடிருத்தல், ஏழாவது படி. நல்வாய்மை மூன்றாவது, நற்செய்கை நான்காவது, நல்வாழ்க்கைத் தொழில் ஐந்தாவது. கீழ்ப்படிகளை உடைத்துவிட்டு ஏழாம் படியை மட்டும் பெயர்த்தெடுத்து விற்கும் வணிகம் இன்று செழிக்கிறது. 1979இல் அமெரிக்காவில், மசாசூசெட்சுப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின், நாட்பட்ட வலியால் வாடுவோருக்காகச் சமயச் சடங்கு நீக்கி இப்பயிற்சியை அமைத்தார், அது நற்பணி. இன்றோ, கைப்பேசிச் செயலியில் கட்டணம் கட்டினால் அமைதி கிடைக்கும் என்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கும் நிறுவனம், களைத்துப்போன ஊழியருக்கு அரைமணி மூச்சுப் பயிற்சியை அன்பளிப்பாகத் தருகிறது. கூலி உயர்வு கேட்பவரிடம் மூச்சைக் கவனி என்பதும், முற்பிறவி வினை என்பதும் ஒரே கடைச் சரக்குதான்.

காவி உடுத்தியவர்களைப் பற்றியும் மயக்கம் வேண்டா. 1959 செப்டம்பரில் இலங்கைத் தலைமை அமைச்சர் பண்டாரநாயக்காவைச் சுட்டவர் ஒரு பௌத்த பிக்கு. சதியின் தலைவர் களனி விகாரையின் தலைமைப் பிக்கு. அந்தத் தீவில் தமிழர்மீது இனவெறியைத் தூண்டிய பிக்குகளை நாம் மறக்கவியலாது. ஊ பா கின் பிறந்த பர்மாவிலேயே பிக்குகள் சிலர் முசுலிம்கள்மீது வெறுப்பைப் பரப்பினர். 2017இல் படையினரின் கொடுமைக்கு அஞ்சி ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோகிங்கியர் வங்கதேசத்துக்கு ஓடினர். துப்பாக்கிக்குக் குறி பார்ப்பவனுக்கும் மூச்சடக்கம் தெரியும். அதனால்தான் கீழ்த்திசையையும் மேற்குத் திசையையும் முதலில் சொன்னோம், பாயைப் பிறகு விரித்தோம்.

மறுபிறவி, நரகம், தேவர் உலகம் ஆகியவை பௌத்த நூல்களில் ஏராளமாக உண்டு. அவற்றை நாம் ஏற்கவில்லை. ஏற்காமலே மூச்சைப் பார்க்க முடிகிறது. மரபாகச் சொல்லப்பட்டு வந்தவற்றை அம்பேத்கரே கேள்விக்கு உட்படுத்தித்தான், 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை எழுதினார். கேசபுத்தத்துக் காலாமர்களிடம், நூல் சொல்கிறது என்பதற்காகவோ குரு சொல்கிறார் என்பதற்காகவோ நம்பவேண்டா என்றவரும் புத்தரே. அந்த உரிமையை அவரிடமே நாம் பயன்படுத்துகிறோம். பழம் பௌத்தப் பெண் துறவியர் பாடல் தொகுப்பில் புண்ணிகை என்ற அடிமைப் பெண்ணின் கதை ஒன்று வருகிறது. எசமானியின் அடிக்கு அஞ்சிக் கடுங்குளிரில் ஆற்றில் தண்ணீர் எடுக்கிறாள். பாவம் போக்க அதே நீரில் மூழ்கி நடுங்கும் பார்ப்பனரைப் பார்த்து, நீராடினால் பாவம் போகுமென்றால் தவளைக்கும் ஆமைக்கும் அல்லவா முதலில் வீடுபேறு என்று கேட்கிறாள். குடத்தோடு நின்ற அந்தப் பெண்ணைத்தான் நாம் இவ்வழியில் முன்னோடியாகக் கொண்டிருக்கிறோம்.

செய்முறை கேட்ட தோழர்களுக்கு: பாய் போதும், முதுகு வலிப்பவர்க்கு நாற்காலி போதும். காசு கேட்பவரிடம் போகவேண்டா. மூக்கின் நுனியில் காற்று வந்து போவதைக் கவனியுங்கள். மனம் ஓடினால் ஓடியதை அறிந்து திரும்புங்கள். நாம் விடியற்காலை ஐந்தரைக்கு உட்காருகிறோம். ஆறு மணிக்குப் பால் வந்துவிடும். எழுந்து போய் அடுப்பு மூட்டி நால்வருக்குக் காப்பி போடுவது நம் முறை.