தடைக்கே தடை

வர்ஜீனியாவில் பெட்ரோல் பங்க் கடைகளில், பால், ரொட்டி அடுக்குக்குப் பக்கத்திலேயே சூதாட்டப் பெட்டிகள் நின்றன. பெயர் மட்டும் ‘திறன் விளையாட்டு’. வேலை முடிந்து வருபவர் இருபது டாலர் நோட்டை உள்ளே தள்ளுவார். கண்மூடித் திறப்பதற்குள் அடுத்த நோட்டு.

2020-இல் கொரோனா நிதிக்காக, பெட்டிக்கு மாதம் 1,200 டாலர் வரி வாங்கிக்கொண்டு ஓராண்டு அனுமதித்தது மாநில அரசு. 2021 ஜூலையில் தடை. அந்த டிசம்பரிலேயே நீதிமன்றத்தில் தடைக்குத் தடை. 2023 அக்டோபரில்தான் மாநில உச்ச நீதிமன்றம் அந்த இரண்டாவது தடையை விலக்கியது; பெட்டிகளுக்கான தடை மீண்டும் வந்தது. மீறினால் பெட்டிக்கு 25,000 டாலர் வரை அபராதம்.

“கடை வாடகையே அதுலதாங்க வந்துச்சு” என்கிறார் கடை வைத்திருக்கும் நண்பர். பொய்யில்லை. ஆனால் அந்த வாடகை யாருடைய சம்பளம்? வரி வாங்கிப் பழக்கிய அரசு, இப்போது கடைக்காரரை மட்டும் பிடித்தால் போதாது. பெட்டியைக் கொண்டுவந்து வைத்த கம்பெனிக்கும் அபராதம் போடட்டும்.