வாழைப்பழத்தில் எழும் வெண்ணிழை

கனிந்த வாழைப்பழம் பாதி, உப்பு, பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு, மெல்லிய வெள்ளைத் துணி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சிறிதளவு. இவை இருந்தால் உயிரணுவுக்குள் உறையும் டி.என்.ஏ.வை உங்கள் பிள்ளைகள் கண்ணாலேயே காணலாம். பெண்கள் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு ஆண்டுதோறும் இதனைச் செய்து காட்டி வருகிறேன்.

ஆல்கஹால் என்றதும் சிலர் தயங்குவதுண்டு. ஊசி போடுமுன் தோலில் தடவும் பொருள் அது, அருந்தினால் நஞ்சு என்று விளக்கிய பின்னரே குப்பியைத் திறப்பேன். அடுப்பின் அருகே அதனைக் கொண்டு செல்லலாகாது.

அரைக் கோப்பை நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் இரு தேக்கரண்டி சோப்பும் கலந்து, மசித்த பழத்தோடு சேர்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் சோப்பு, உயிரணுவைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வையும் கரைத்துவிடுகிறது. டி.என்.ஏ. இழைகள் எதிர் மின்னூட்டம் உடையவையாதலால் ஒன்றையொன்று விலக்கும். உப்பு அவ்விலக்கத்தைத் தணிக்கிறது. பத்து நிமிடம் கழித்து வடிகட்டி, நன்கு குளிர்ந்த ஆல்கஹாலைக் குவளையின் ஓரமாக மெல்ல வார்த்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெண்ணிற இழைகள் திரண்டெழும். வகுப்பே ஆரவாரிக்கும்.

அந்த ஆரவாரத்தினிடையே ஒரு முறை மாணவியொருத்தி எழுந்து, "இதுதான் டி.என்.ஏ. என்று நமக்கு எப்படித் தெரியும், டீச்சர்?" என்றாள். பலர் சிரித்தனர். "புத்தகத்தில் போட்டிருக்கிறதே!" என்றாள் அருகிலிருந்தவள்.

நியாயமான கேள்வியன்றோ! அத்திரளில் டி.என்.ஏ. மட்டுமே இருப்பதில்லை. பழப்பாகைக் கெட்டியாக்கும் பெக்டினும் ஆல்கஹாலில் திரளும், புரதமும் ஆர்.என்.ஏ.வும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இப்பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு இளைஞர் பிரீட்ரிக் மீஷர். ஆண்டு 1869, இடம் ஜெர்மனியின் டூபிங்கன் நகரக் கோட்டை. அக்கோட்டையின் பழைய சமையலறையே அவருடைய ஆய்வுக்கூடம்! மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் படிந்த சீழைக் கழுவி எடுத்து ஆராய்ந்தார். புரதத்தைச் செரிக்கும் பெப்சினால் புதிய பொருள் சிதையவில்லை. பாஸ்பரஸும் மிகுதியாக இருந்தது. எனவே இது புரதமன்று எனத் துணிந்து, 'நியூக்ளின்' எனப் பெயரிட்டார். அவருடைய ஆசிரியர் ஹோப்பே-சைலரோ மாணவரின் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. சோதனைகளைத் தாமே திரும்பச் செய்து பார்த்த பின்னரே, 1871இல் கட்டுரையை அச்சேற்றினார்.

இவ்வரலாற்றை அம்மாணவியின் தாயாரிடமும் கூற நேர்ந்தது. "எதற்கெடுத்தாலும் கேள்விதான், டீச்சர். நாளை போகிற வீட்டில் என்ன சொல்வார்களோ?" என்று அவர் வருந்தினார். நம் வீடுகளில் இக்கவலை இன்னும் நீங்கியபாடில்லை. "கேள்வியைத் தடுக்காதீர்கள், ஒரு குவளை மட்டும் கொடுங்கள்" என்றேன்.

கொடுத்தார். பழமே சேர்க்காமல், உப்பும் சோப்பும் கலந்த நீரில் ஆல்கஹாலை வார்த்திருக்கிறாள் மகள். குவளையைச் சாய்த்துப் பிடித்தவர் உம்மாவே! இழை எழவில்லை. ஆக, வகுப்பில் கண்டது பழத்திலிருந்தே வந்தது என்பது உறுதியாயிற்று. அதில் டி.என்.ஏ. எவ்வளவு, பிற எவ்வளவு என்பது எஞ்சி நிற்கிறது. பச்சை அன்னாசிச் சாறும் பெப்சினைப் போலப் புரதத்தைச் சிதைக்குமாம்; அடுத்த முறை அதனைச் சேர்த்துப் பார்க்கப் போகிறாளாம்.